ஏக்கர் கணக்கும் பிள்ளைக் கணக்கும்

(தூத்துக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆகும் செலவை அந்த ஊர் விளைநிலத்தின் மேல் வரி போட்டு எடுப்பது நியாயமா என்பது இன்று நான் பேச வந்த பொருள். கேட்டவுடன் அமெரிக்காவின் பிரச்சினை போலத் தோன்றும். அங்கே பல மாநிலங்களில் விவசாயிகளும் பள்ளி நிர்வாகங்களும் இதைச் சொல்லித்தான் இன்றைக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். நம் நாட்டிலும் இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருட வரலாறு உண்டு. அதைப் பேசத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைக்காது. ஒரே மாவட்டத்துக்குள் ஆற்றுப் பாசனமும் கரிசலும் தேரிக்காடும் உப்பளமும் கடலும் இருக்கின்றன. நிலத்தை அளந்து பள்ளிக்குப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்தின் படத்தை விரித்தாலே பார்த்துவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரியை நிலத்திலிருந்து எடுப்பதில் தவறில்லை. எந்த ஊர் நிலமோ அந்த ஊர்ப் பள்ளிக்கே அந்தப் பணம் என்று முடிச்சுப் போடுவதுதான் தவறு. அந்த முடிச்சை நாம் அவிழ்த்துவிட்டோம், நல்லதுதான். அவிழ்க்கும்போது இன்னொன்றும் சேர்ந்து கழன்றுவிட்டது. அது என்ன, அதை எப்படித் திரும்பக் கட்டுவது என்பதே இந்த உரை.

ரசீதில் இருப்பது

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்தில் பிறந்தவர்கள் வீட்டில் நிலவரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே பசலி ஆண்டு. ஜூலை முதல் தேதி தொடங்கி அடுத்த ஜூன் முடிய ஒரு பசலி. அதன் கீழே பட்டா எண், பட்டாதாரர் பெயர். பிறகு தீர்வை, அதற்குக் கீழே தலவரி, தல மேல்வரி. தீர்வை அரசாங்கத்துக்கு. தலவரியும் தல மேல்வரியும் உள்ளாட்சிக்கு. தலவரி தனியாகக் கணக்கிடுவது அல்ல; தீர்வையின் முதுகில் ஏறி வருவது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் தீர்வையில் ரூபாய்க்கு 45 நயா பைசா என்று அதை வைத்தது. 1994-ஆம் ஆண்டு சட்டம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றாக்கியது.

கேட்பதற்கு நூற்றுக்கு நூறு வரி போலத் தெரியும். ஆனால் மூலத் தீர்வையே பிரிட்டிஷார் காலத்து நிலவரித் திட்டத்தில் மண்ணின் தரம் பார்த்து வகுத்தது. தாமிரபரணிப் பாசன நஞ்சைக்கே ஏக்கருக்குச் சில ரூபாய்தான் வரும். மானாவாரிக் கரிசலுக்கு அதிலும் குறைவு. இன்று பல விவசாயிகள் கிஸ்தைக் கட்டுவது அரசுக்கு வருமானம் தருவதற்காக அல்ல. நிலம் தன் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு தாள் வேண்டும் என்பதற்காக. அடங்கல் வாங்க, பயிர்க்கடன் எழுத, பயிர்க் காப்பீடு கட்டப் போகும்போது கிராம நிர்வாக அலுவலர் முதலில் கேட்பது வரி கட்டிய ரசீதைத்தான். ஒரு காலத்தில் ரோடும் பள்ளிக்கூடமும் இந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தன என்று சொன்னால் இளைய தலைமுறை நம்பாது.

தலவரி வந்த வழி

சென்னை மாகாணத்தில் உள்ளூர்ச் செலவுக்கு உள்ளூர் வரி என்ற ஏற்பாட்டைப் பரவலாகக் கொண்டுவந்தது 1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம். நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு ஓர் அணா வரை வரி போடலாம் என்றது. அதில் பெரும்பங்கு சாலைக்குப் போனது. பருத்தி வண்டி துறைமுகம் வந்துசேர ரோடு வேண்டும் என்ற அவசரம் ஆட்சியாளருக்கு இருந்தது. பள்ளிக்கூடம் அதற்குப் பிறகுதான். 1884-இல் உள்ளாட்சி வாரியச் சட்டம், அதன் பிறகு 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம். இந்த 1920 சட்டம் முக்கியமானது. உள்ளாட்சிகள் கல்வி வரி என்று தனியாகவே போட்டுக்கொள்ளலாம். வசூலாகும் தொகைக்கு ஈடாக அரசும் ஒரு தொகை கொடுக்கும் என்று அது சொன்னது. நகரங்களில் சொத்து வரியோடு கல்வி வரி இன்றும் சேர்ந்து வருவது இந்தச் சட்டத்தின் வழியாகத்தான்.

ஈடாகக் கொடுக்கும் முறை வெளிப் பார்வைக்கு நியாயமானது. நீ ஒரு ரூபாய் போடு, நான் ஒரு ரூபாய் போடுகிறேன். ஊரைத் தூண்டிவிடுகிறது, சோம்பேறிக்குக் கொடுப்பதில்லை. கூர்ந்து பார்த்தால் சிக்கல் தெரியும். ஆயிரம் ரூபாய் திரட்ட முடிந்த ஊருக்கு இன்னோர் ஆயிரம் கிடைக்கும். பத்து ரூபாய்தான் திரட்ட முடிந்த ஊருக்குப் பத்தே ரூபாய். ஏற்கெனவே இருந்த இடைவெளியை அரசு தன் பணத்தாலேயே இரண்டு மடங்காக்கிவிடுகிறது. பின்னாளில் ஊராட்சிகளின் வீட்டு வரிக்கு ஈடாகத் தந்த மானியத்திலும் இதே கோளாறு இருந்தது.

1958 சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஊராட்சி ஒன்றியங்களை வசதிப்படி வகை பிரித்து, தல மேல்வரிக்கு ஈடான மானியத்தை வசதி குறைந்த ஒன்றியத்துக்குக் கூடுதல் விகிதத்தில் கொடுக்க வழி செய்தார்கள். அந்த ஒரு ஏற்பாட்டில் நல்ல அரசியல் அறிவு இருக்கிறது. அதை நாம் பிறகு மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

ஐந்து நிலம், ஐந்து பள்ளி

இப்போது மாவட்டப் படத்துக்கு வருவோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் வேலைக்கு வந்தது. அதன் வடகால், தென்கால் பாயும் ஏரல், ஆத்தூர், திருச்செந்தூர் வட்டாரம் நெல்லும் வாழையும் வெற்றிலையும் விளைந்த பூமி. தீர்வை கூடிய மண். வடக்கே ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசல்; வானம் பார்த்த பருத்தியும் உளுந்தும் பாசியும் கம்பும். தெற்கே சாத்தான்குளத்தைச் சுற்றிச் செம்மணல் தேரி. அங்கே விளைநிலம் என்று சொல்வதற்குப் பனைதான். கடலோரம் முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை என்று உப்பளங்கள். அதற்கும் அப்பால் வேம்பார், தருவைகுளம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை. இந்த ஊர்களில் பல குடும்பங்களுக்கு வீட்டு அடிமனையைத் தவிர ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவர்கள் உழுத இடத்துக்குப் பட்டா இல்லை.

நிலவரியை மட்டும் நம்பிப் பள்ளி நடத்தினால் ஆத்தூர்ப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, விளாத்திகுளத்துப் பிள்ளைக்கு அரைப் பள்ளி, மணப்பாட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்றாகும். மூன்று பிள்ளைகளும் ஒரே மாவட்டம், ஒரே பாடப்புத்தகம், ஒரே தேர்வு.

கடலோரத்தார் ஏழைகளாக இருந்ததால் மட்டும் இது நேரவில்லை. கடலிலிருந்து அரசு எடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. மன்னார் வளைகுடாவின் சிப்பிப் பார்களில் முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்தபோது குளிகாரர்கள் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்கி மூச்சடக்கி அள்ளிவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் குளித்தவனுக்கு. அரசின் பங்கு கரையிலேயே ஏலம் போகும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களிலும் இதே கணக்கு. அதற்குப் பிறகு பெரிய சலாபம் நடக்கவில்லை. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்ட நிலவரி பிற்காலத்தில் இந்தப் பக்கத்தில் எந்த மண்ணுக்கும் கிடையாது. ஆனால் முத்து வருமானம் நிலத் தீர்வை ஆகாது. ஆகவே அதன் மேல் தலவரி ஏறாது. முத்துப் பணம் கருவூலத்துக்குப் போயிற்று. முத்து எடுத்தவன் பிள்ளையின் பள்ளிக்கு அதிலிருந்து ஒரு பங்கு என்று எழுதிய சட்டம் எதுவும் இல்லை.

அப்படியானால் கடற்கரையிலும் தேரியிலும் பள்ளிக்கூடம் எப்படி வந்தது? இரண்டு வழிகளில். ஒன்று, திருச்சபைகள். சாயர்புரத்தில் ஜி.யு. போப் தொடங்கிய கல்விக்கூடம், நாசரேத்தில் கேனன் மர்காசிஸ் நடத்திய தொழிற்பள்ளி, கடலோரத்துக் கத்தோலிக்கப் பங்குகளின் பள்ளிகள், இன்று ஊருக்கு ஊர் நிற்கும் டி.என்.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளிகள். வெளிநாட்டுக் காணிக்கையும் அரசின் உதவித்தொகையும் இதில் உண்டு. அதோடு பெண்கள் சமைக்கும் முன் ஒதுக்கிவைத்த பிடி அரிசியும், மீன்பாட்டில் கோயிலுக்கென்று எடுத்த பங்கும் உண்டு. இரண்டாவது வழி மகமை. நாடார் வணிகர்கள் தங்கள் சரக்கின் மேல் தாங்களே போட்டுக்கொண்ட வரி அது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் அந்தப் பணத்தில் எழுந்தது. காமராசர் படித்தது அங்கேதான்.

பிடி அரிசியும் மீன் பங்கும் மகமையும் நிலத்தைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்றன்று கைக்கு வந்த வருமானத்தைப் பார்த்தன. மீன் படாத நாளில் பங்கும் இல்லை. அரசாங்கத்தின் நிலவரியைவிட அந்த எளிய மக்களின் வரி விஞ்ஞானம் மேலானது என்றே நான் சொல்வேன். ஆனால் அவற்றுக்கும் ஒரு வரம்பு இருந்தது. சபைப் பணம் சபை இருக்கும் ஊருக்குப் போனது. மகமைப் பணம் சமுதாயம் வலுவாக இருந்த பேட்டைக்குப் போனது. இரண்டுமில்லாத கரிசல் சேரிப் பிள்ளைக்கு யார் இருந்தார்கள்?

டெக்சாஸில் ஒரு வழக்கு

இந்தக் கேள்வியை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1973 மார்ச்சில் எதிர்கொண்டது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதி. மெக்சிகோ வம்சாவளியினர் மிகுதி. பக்கத்திலேயே அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான பகுதி. இரண்டு பள்ளி மாவட்டங்களும் சொத்து வரியை நம்பியவை. எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வீதம் வரி கட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே அதுதான் உயர்ந்த வீதம். அதிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் 0.85 டாலர்தான் கட்டினார்கள். ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 333 டாலர்.

அதிகம் கட்டியவனுக்குக் குறைவு, குறைவாகக் கட்டியவனுக்கு அதிகம். எட்ஜ்வுட்டின் வீடுகளுக்கு மதிப்பு இல்லாததுதான் காரணம். டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தை முன்னின்று நடத்திய அந்த வழக்கு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. கல்வி அந்நாட்டு அரசியல் சாசனம் உறுதியளித்த அடிப்படை உரிமை அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு மாநில நீதிமன்றங்கள் சில வேறு வழி கண்டன. ஒஹாயோவின் உச்ச நீதிமன்றம் 1997-இல், உள்ளூர்ச் சொத்து வரியை இந்த அளவுக்கு நம்பிப் பள்ளி நடத்துவது அம்மாநிலச் சாசனத்துக்கு விரோதம் என்றது.

இங்கே நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வேறுபாடு. 2002-இல் நம் அரசியல் சாசனத்தின் 86-ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ரோட்ரிகஸுக்குக் கிடைக்காத ஆயுதம் விளாத்திகுளத்துத் தகப்பன் கையில் இருக்கிறது.

விவசாயியின் பக்கத்து நியாயம்

பள்ளிப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தோம். விவசாயியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஏக்கர் என்பது வருமானம் அல்ல. ஐம்பது ஏக்கர் கரிசல்காரரைவிடத் தூத்துக்குடி நகரில் இரண்டு கடை வாடகைக்கு விட்டவருக்கு மாதா மாதம் நிச்சயமான பணம் வருகிறது. நிலத்தின் மேல் போடும் வரி மழை பெய்ததா என்று கேட்பதில்லை.

இரண்டாவது, கட்டுபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர். நஞ்சையின் பட்டா சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் பேரில் இருக்கும். கோயில் நிலமாகவோ மடத்து நிலமாகவோ இருக்கும். வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுபவரின் பிள்ளைதான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. வரியை ஏற்றினால் பட்டாதாரர் அதைக் குத்தகையில் ஏற்றுவார். கடைசியில் கட்டுவது அதே ஏழைத் தகப்பன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளியால் யாருக்கு லாபம்? எட்டயபுரத்துப் பள்ளியில் படித்த பெண் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிறாள். புன்னைக்காயல் பையன் கப்பலில் ஏறி உலகம் சுற்றுகிறான். 1974-இல் பெருந்துறைமுகமான இந்தத் தூத்துக்குடியின் சரக்குப் பெட்டக முனையத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஆள் வந்தது சுற்றியுள்ள கிராமத்துப் பள்ளிகளிலிருந்துதான். செலவு ஊருடையது, வரவு ஊருக்கு வெளியே. பயன்பெறுபவரே கொடுக்கட்டும் என்ற பழைய வரிக் கொள்கையை நேர்மையாகக் கடைப்பிடித்தால் கிராமத்துப் பள்ளியின் செலவை நகரமும் துறைமுகமும் தொழிற்சாலையும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும். அந்த ஊரின் கரிசல் மட்டும் சுமப்பதற்கு நியாயமில்லை.

நான்காவது, ஆபத்துக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையில் வாழை சாய்ந்தது, நெல் மண்ணுக்குள் போனது. அதே தண்ணீர் வகுப்பறைக்குள்ளும் புகுந்தது. அந்த ஊர்ப் பள்ளி அந்த ஊர் நிலவரியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பள்ளிக்குச் செலவு உச்சத்தில் இருக்கும் வருடம்தான் வரியைத் தள்ளுபடி செய்ய வேண்டிய வருடமும். பஞ்சத்திலும் இதேதான். சிறிய ஊரின் வரி அதே ஊருக்குக் காப்பாக முடியாது. கடன் கேட்க வேண்டிய நாளில் கடன் கொடுப்பவனும் சேர்ந்து நொடித்துப்போவது போன்றது அது.

ஏழு மாதத்தில் நடந்த மாற்றம்

தமிழ்நாடு இந்தச் சிக்கலை எப்படித் தாண்டியது? இரண்டு பெரிய அடிகள் வைத்தது. இரண்டுக்கும் இந்த மாவட்டத்தோடு உறவு உண்டு.

முதல் அடி 1956-இல் எட்டயபுரத்தில். பாரதி பிறந்த ஊரில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு கூடவே நின்றவர். முதலில் ஊர்க்காரர்களே போட்ட நெல்லும் காய்கறியும் பணமும். பிறகு அரசு ஏற்றுக்கொண்டபோது நூற்றுக்கு அறுபது அரசு, நாற்பது உள்ளூர் என்று பங்கு பிரிந்தது. 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள். பழைய பள்ளிக் கட்டடங்களில் ‘உபயம்’ என்று பெயர் பொறித்த கல் இருந்தால் நின்று படித்துப் பாருங்கள். அடிமனை ஒருவர், கிணறு ஒருவர், ஓடு ஒருவர் என்று ஒரு பள்ளியின் முழு வரவு செலவும் சுவரிலேயே இருக்கும்.

இரண்டாவது அடி எம்.ஜி.ஆர். காலத்தில். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தது. தீர்வைக் கணக்கை எழுதியவர்கள் போய் மாநில ஊழியர்கள் வந்தார்கள். 1981 ஜூன் முதல் தேதி ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஏழு மாதத்துக்குள் வரி எழுதுகிறவரும் பாடம் நடத்துகிறவரும் ஊரின் கையைவிட்டு மாநிலத்தின் கைக்குப் போனார்கள். இந்த இரண்டையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை. சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நன்மை கண்கூடு. மணப்பாட்டு ஆசிரியைக்கும் ஆத்தூர் ஆசிரியைக்கும் ஒரே சம்பளம், ஒரே நாளில். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். இந்தப் பணம் விற்பனை வரியிலும் சரக்கு சேவை வரியிலும் பத்திரப் பதிவிலும் வருகிறது. சோப்பு வாங்கும் மீன்காரப் பெண்ணும் இதில் கட்டுகிறாள். யாருடைய நிலமும் யாருடைய பள்ளியையும் தீர்மானிக்கவில்லை.

கழன்றுபோனது என்ன? பள்ளியைக் கேள்வி கேட்கும் கை. பெயர்ப்பலகையில் இன்னமும் ஊராட்சி ஒன்றியம் என்று இருக்கிறது. வாத்தியார் சம்பளம் மாநிலத்துடையது. கட்டடம் ஒன்றியத்துடையது. கழிப்பறை சுத்தம் செய்வது யார் என்பது ஊராட்சியோடு முடிவில்லாத பேச்சுவார்த்தை. மழைக்குப் பின் கூரைப் பூச்சு பெயர்ந்தால் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுகிறார். அவர் ஒன்றிய ஆணையருக்கு. அங்கிருந்து பொறியாளர் மதிப்பீடு. மதிப்பீட்டுக்கு நிதி ஒதுக்கீடு. அதுவரை இரண்டு வகுப்பு ஒரே அறையில். பணம் கொடுக்கிற இடம் தூரமாகப் போகப் போக, பேச்சு நீண்டுகொண்டே போகிறது. ஒன்றிய அரசு 2024-25-இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா நிதியில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி நிறுத்திவைத்ததும் இந்த வகைதான். தூரத்துப் பணத்துக்கு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையில் ஊருக்குப் பேச்சு இல்லை.

மதிப்பு இப்போது எந்த மண்ணில்

நிலத்திலிருந்து வரி எடுப்பதை மொத்தமாகக் கைவிட வேண்டுமா? இல்லை. விளைச்சலைப் பார்த்து வகுத்த வரி, இன்று மதிப்பு இருக்கும் இடத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. மதுரைச் சாலையிலும் திருநெல்வேலிச் சாலையிலும் நேற்றைய மானாவாரி நிலம் இன்று கிட்டங்கி, வீட்டுமனை. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலை. கடலோரத்தில் 2013-இல் தடை வரும்வரை கார்னெட் மணல் கப்பலேறியது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் விழுந்தது. இவை எதுவும் நெல் விளையும் மண் என்ற பழைய தீர்வைக் கணக்குக்குள் அடங்காதவை.

தமிழ்நாடு இதை 1964-லேயே ஒரு விதத்தில் உணர்ந்தது. ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, கனிமத்துக்குச் செலுத்தும் உரிமத்தொகையையும் தீர்வையாகக் கொண்டு அதன் மேலும் தலவரி போடலாம் என்றது. சுண்ணாம்புக்கல் வெட்டுபவரும் ஊர்ச் செலவுக்குத் தரட்டும் என்பதே கருத்து. நம் பக்கத்துத் தாழையூத்தில் பிறந்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியது. 1989 அக்டோபர் 25-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உரிமத்தொகையே ஒரு வரிதான், அதன் மேல் இன்னொரு வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்த்தது. உழவன் தீர்வையின் மேல் தலவரி நிலைத்தது. சுரங்கத்தின் மேல் போட்ட தலவரி செல்லாது என்றானது. முப்பத்தைந்து வருடம் கழித்து, 2024 ஜூலை 25-ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைத் திருத்தியது. உரிமத்தொகை வரி ஆகாது, கனிமம் தாங்கிய நிலத்தின் மேல் மாநிலம் வரி போடலாம் என்றது. அதே ஆண்டு தமிழ்நாடு கனிமவள நில வரிச் சட்டம் நிறைவேறி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அந்த வரி மாநிலப் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடுமா, பழைய தலவரியைப் போல ஊருக்கு ஒரு பங்கு வருமா என்பதில் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கண் வைக்க வேண்டும். வெடிச் சத்தத்தில் சன்னல் அதிரும் பள்ளி எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்கு அதில் உரிமை உண்டு.

என்ன செய்யலாம்

மூன்று யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, வரியை நிலத்தின் இன்றைய வருமானத்திலிருந்து எடுக்க வேண்டும். விளைநிலத் தீர்வையை ஏற்றுவதில் பொருளில்லை. மனையாக, கிட்டங்கியாக, குவாரியாக மாறிய நிலத்தில் எடுக்கலாம். பத்திரப் பதிவின்போது முத்திரைத் தீர்வையோடு வசூலாகும் மேல்வரி ஏற்கெனவே உள்ளாட்சிகளுக்கு உரிய பணம். அதில் ஒரு பகுதியைப் பள்ளிக்கட்டடம் என்று பெயரிட்டே ஒதுக்கலாம். நூலகத்துக்கு அப்படிச் செய்தோமே. 1948-இல் சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் போட்டு, இன்று வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வாங்குகிறோம். வசூலித்த பணம் நூலகத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை என்ற புகார் தனி. பெயர் சொல்லி வாங்குவதால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது.

இரண்டு, எடுத்த பணத்தை மாவட்ட அளவில் ஒரே கணக்கில் சேர்த்துப் பிள்ளைக் கணக்கில் பிரிக்க வேண்டும். அதிலும் கடற்கரை, தேரி, மானாவாரிப் பள்ளிகளுக்கு விகிதம் கூட வேண்டும். 1958 சட்டத்தின் வகைப்பாட்டை எடுத்துத் தூசி தட்டினால் போதும். இந்தக் கரையின் கடலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு எடுத்துக்கொண்ட அரசுக்கு, கடலோரப் பள்ளிக்கு ஒரு பங்கு கூட்டிக் கொடுப்பது சலுகை ஆகாது. பழைய பாக்கி.

மூன்று, ஊரின் கையில் சிறிய பணமும் பெரிய கேள்வியும் இருக்க வேண்டும். கூரை ஒழுகல், கதவு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை நேரடியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்குக்கு வரவேண்டும். பெற்றோர் முக்கால்வாசிப் பேர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்ற அந்தக் குழுவைக் கல்வி உரிமைச் சட்டமே கொடுத்திருக்கிறது. அது கையெழுத்துப் போடும் குழுவாக நின்றுவிடக் கூடாது. ஊர் தன் பங்காக ஏதாவது போட்டால் அரசும் போடட்டும். வசதியான ஊருக்குக் குறைவாக, வசதியற்ற ஊருக்குப் பல மடங்காக. முன்னாள் மாணவர் நன்கொடையையும் தொழில் நிறுவன உதவியையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பணக்கார முன்னாள் மாணவர் இல்லாத பள்ளிகள்தான் நம்மிடம் அதிகம். நன்கொடை அந்தப் பள்ளிகளின் வாசலைத் தானாகத் தேடி வராது. வரி வரும், வர வைக்கலாம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும். மாநிலம் முழுச் செலவையும் ஏற்கும்போது ஊர் மேல் ஒரு காசுகூட ஏன் என்பார்கள். நானும் சம்பளத்தை ஊர் மேல் போடச் சொல்லவில்லை. சுவரில் உபயக் கல் வைத்த தலைமுறை தன் பள்ளியை இரவில் பூட்டிவிட்டுப் போனது, சன்னல் உடைந்தால் யார் உடைத்தது என்று கேட்டது. அந்த அக்கறைக்கு ஒரு சிறு விலை இருந்தது. விலையை ஏழைக்கு ஏற்றபடி வைப்பது அரசின் வேலை. விலையே இல்லாமல் செய்துவிட்டால் அக்கறையும் போய்விடும் என்பதை நாற்பது வருடமாகப் பார்க்கிறோம்.

அடுத்த ஜமாபந்திக்கு உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது பட்டா மாறுதல் மனுவோடு ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள்: எங்கள் ஊரில் சென்ற பசலியில் வசூலான தலவரி எவ்வளவு, தல மேல்வரி எவ்வளவு, குவாரியிலிருந்தும் பத்திரப் பதிவிலிருந்தும் எங்கள் ஊராட்சிக்கு வந்தது எவ்வளவு? அதே கேள்வியைக் கிராம சபையிலும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பள்ளிக்கு எவ்வளவு வேண்டும் என்ற பேச்சு அந்த நான்கு எண்கள் ஊருக்குத் தெரிந்த பிறகுதான் பேச்சாகும், அதுவரை விண்ணப்பம்தான்.